சாரல் விழுந்தால் சூடு ஏறும்

போன ஆனி மாதம் காஜா என்னைக் கடைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான். காஜா என் தங்கை மகன். துபாயில் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு வந்து தென்காசியில் பேட்டரிக் கடை போட்டிருக்கிறான். புதிதாக ஒரு சார்ஜர் இறக்கியிருந்தான். சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. முகப்பில் இரண்டு சிவப்பு விளக்குகள். உள்ளே சூடு அளவு மீறினால் ஒன்று எரியும். லைனில் வோல்டேஜ் மீறினால் இன்னொன்று எரியும். எரிந்த கையோடு பெட்டி தானாகவே நின்றுகொள்ளும்.

நான் போனபோது இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

"மாமா, இது என்ன கூத்துன்னு பாருங்க. வெளிய சாரல் அடிக்கி, எனக்கே சட்டைக்குள்ள குளுருது. இது சூடு, சூடுங்குது. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டானுவளோ?"

"பெட்டி சரியாத்தான் சொல்லுது. நீ வெளிய போயி, ஏதாவது ஒரு வயக்காட்டுல பம்புசெட்டு ஓடுதான்னு பாத்துட்டு வா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. புரியவைத்தேன். கேட்டுவிட்டு, "இதையெல்லாம் எழுதி வையுங்க மாமா, எங்களுக்கு யாரு சொல்லுதா?" என்றபடி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். "மொதல்ல உக்காருங்க. இந்த வயசுலயும் எப்ப வந்தாலும் நின்னுக்கிட்டேதான் பேசுதிய."

நான் உட்காரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பெட்டியின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதற்குக் காது வேண்டாம், கண் வேண்டாம். யாரையும் கூப்பிட்டு அனுப்பிக் காத்துக்கிடக்க வேண்டாம். தனக்குத் தாங்காது என்றால் அதுவே நின்றுகொள்கிறது. அது எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன். ஏன் உட்காருவதில்லை என்பதும் அதிலேயே வந்துவிடும்.

என் வாப்பா கடையநல்லூரில் தறி நெய்தவர். எங்கள் வீட்டுக்குள் இரண்டு தறி, சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தறி. பிறந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்ததால் என் காதில் மெல்லிய ஓசைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. உம்மா கூப்பிட்டால் கேட்கும். உம்மா முனகினால் கேட்காது. பத்தொன்பது வயதில் தறியை விட்டுவிட்டுத் தென்காசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பேட்டரிப் பட்டறையில் சேர்ந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. முதல் வருஷம் பேட்டரி சுமந்தேன், இரண்டாம் வருஷம் ஆசிட் கலக்கினேன், மூன்றாம் வருஷம் சுவிட்சைத் தொட விட்டார்கள். படிப்பு என்றால், பழைய சார்ஜரோடு வந்த இங்கிலீஷ் தாளை அகராதி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்ததுதான். என் பயிற்சிக் கதை அவ்வளவே.

எங்களுக்கு மேலே இருந்தவர் செபஸ்தியான் மேஸ்திரி. யுத்த காலத்தில் பட்டாளத்து வயர்லெஸ் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றியவர். ஒல்லி உடம்பு, ஆசிட் பட்டுச் சல்லடையான காக்கி அரைக்கால்சட்டை. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலை பிடித்திருந்தால், மூதேவியைச் செல்லமாகச் சுருக்கி, "ஏலே மூதி" என்பார். அதைக் கேட்பதற்காகவே நாங்கள் உயிரைக் கொடுத்து உழைப்போம். கோபம் வந்தால் பேச்சில் மரியாதை வந்துவிடும். தாம் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் உட்காரும் வேங்கைமர முக்காலியைக் காலால் இழுத்து நம் பக்கத்தில் போட்டு, "உக்காருங்க" என்பார். முக்காலி சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் என் காதுக்கே கேட்கும். பட்டறை அடங்கிவிடும். உட்கார்ந்தவனைச் சுற்றி மற்றவர்கள் வேலை பார்ப்பார்கள். அவன் வேடிக்கை பார்க்க வேண்டும். ஒரு மணி நேரமோ, ஒரு பொழுதோ கழித்து, "எந்திரிலே, வேலையப் பாரு" என்பார். அத்தோடு மன்னிப்பு. அந்த 'எந்திரிலே' வரும்வரை சோறு இறங்காது.

அவர் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். காலையில் வந்த பேட்டரிகளை வரிசையாக வைத்து மூடி திறந்து, கண்ணாடிக் குழாயால் ஆசிட்டின் கனம் பார்த்து, குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றி, ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸ் என்று சங்கிலியாகக் கோக்க வேண்டும். பிறகு லைன் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். சார்ஜரின் டிரான்ஸ்பார்மரில் இருநூறு, இருநூற்றிருபது, இருநூற்று நாற்பது என்று மூன்று முனைகள் இருக்கும். லைன் எதற்குக் கிட்டத்தில் நிற்கிறதோ அந்த முனையில் ஒரு பித்தளைப் பட்டையை முடுக்க வேண்டும். அதற்கு லிங்க் என்று பெயர். அதன்பின்தான் சுவிட்ச். போட்ட முதல் கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது. மேஸ்திரி டிரான்ஸ்பார்மரின் விலாவில் உள்ளங்கையை வைத்து எண்ணுவார். இருபது எண்ணும்வரை கை தாங்கினால் சரி. பத்துக்குள் எடுத்தால் ஆம்பியரைக் குறைக்க வேண்டும். மூன்றுக்குள் எடுத்தால் யாரையும் கேட்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும்.

வோல்டேஜ் கொஞ்சம் ஏறினால் இவ்வளவு பயம் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். மனிதர்கள் வாயிலிருந்து விழும் நல்ல பேச்சைச் சேர்த்து வைக்கிறவன் நான்.

"குளம் இருக்குல்லா? கரைக்கு மேல நிக்கித தண்ணிதான் மறுகால் பாயும். நாலு விரக்கடை மேல நின்னா நாலு விரக்கடை பாயும். இன்னும் நாலு விரக்கடை ஏறிச்சுன்னு வையி, குளத்துக்கு அது ஒண்ணுமே இல்ல. மறுகாலுக்கு ரெண்டு பங்கு. பேட்டரியோட வோல்டேஜ்தாம்லே கரை. லைன்ல கொஞ்சம் கூடினா ஆம்பியரு ரெண்டு பங்கு. ஆம்பியரு ரெண்டு பங்குன்னா சூடு நாலு பங்கு."

கேட்டேன், மண்டையை ஆட்டினேன். அடுத்த வருஷமே எரித்தேன்.

குற்றாலத்தில் சீசனுக்கு எங்கள் பட்டறை ஒரு ஷெட் போடும். அருவிக்குப் போகிற ரோட்டில் தகரக் கூரை. சாரல் மாதங்களில் பஸ்களுக்குப் பகலிலும் விளக்கும் வைப்பரும் ஓடி பேட்டரி இறங்கிப்போகும். வெளியூர்க் கார்கள் மூன்று நாள் அசையாமல் நின்றுவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்னும். ஷெட்டில் வேலை குவியும். சித்திரையில் லிங்க்கை இருநூறில் வைத்திருந்தோம். அந்தக் கோடையில் வயல்வெளியெங்கும் புதுப் பம்புசெட்டுகள் ஓடி லைன் அவ்வளவு படுத்திருந்தது. ஆனியில் முதல் சாரல் விழுந்த அன்று நான் தனியாக இருந்தேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த காற்று ஐஸ் மாதிரி இருந்தது. இந்தக் குளிருக்குச் சார்ஜருக்கு என்ன வந்துவிடும், காற்றே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துப் பேரருவியில் குளிக்கப் போய்விட்டேன். தலை சொட்டச் சொட்டத் திரும்பினால் ஷெட்டிலிருந்து புகை.

மேஸ்திரி வந்தார். கருகிய சுருளைப் பார்த்தார்.

"குளிச்சிட்டு வாரியளோ? நல்லது. உக்காருங்க."

சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பக்கத்தில் வந்து நின்று, "எந்திரிலே. மழை பெஞ்சா ஆத்துல தண்ணி வரும். தண்ணி வந்தா பம்புசெட்டை நிறுத்துவான். அத்தனை பம்பும் நின்னா லைன் ஏறும். ஊருக்கெல்லாம் மழைன்னா குளுரு. உனக்கு மட்டும் மழைன்னா சூடு. மறக்காத" என்றார்.

அதிலிருந்து ஒரு சட்டம் வந்தது. மீட்டர் பார்க்காமல் யாரும் லிங்க்கைத் தொடக் கூடாது. குத்துமதிப்பு கிடையாது. பட்டறையில் இருந்ததோ ஒரே ஒரு வோல்ட் மீட்டர். அதன் கண்ணாடியில் இருநூற்று நாற்பத்தைந்துக்கு நேராகச் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு இழுத்து, மரப்பெட்டியோடு என் கையில் கொடுத்தார். "சுட்டவந்தான் பாத்து வச்சுக்குவான்" என்றார். அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபோது, காது மந்தமான தறிகாரன் மகனுக்கு ஒரு மூன்றாவது காது முளைத்த மாதிரி இருந்தது.

எரிந்துபோனது பெரிய பல்ப் வைத்த பழைய சார்ஜர். அதற்குப் பதில் மதராஸிலிருந்து ஒரு தகடு சார்ஜர் வந்தது. செலினியத் தகடுகளை அடுக்கி, நடுவில் காற்றுப் போக இடம் விட்டிருப்பார்கள். பழையதைவிடச் சின்னது, சத்தமும் குறைவு. ஆனால் சூடு பொறுக்காது. ஒரு தடவை அளவு மீறிச் சுட்டால் முடிந்தது. அழுகிய முள்ளங்கி மாதிரி ஒரு நாற்றம் வரும், தகட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். முதலாளி அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் சொன்னார்: "இது எவன் கையில எரியுதோ அவன் அன்னைக்கே வீட்டுக்குப் போயிரணும். யாருன்னு பாக்க மாட்டேன்."

அந்தச் சமயத்தில்தான் முருகையா வந்தான்.

இலஞ்சிக்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் அண்ணன் நாகஸ்வரம். இவன் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவன். ஒத்து என்றால் ஒரே சுரம். கல்யாணம் முடியும்வரை மூச்சு விடாமல் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நாள் மைக் செட்டுக்காரருடைய பேட்டரியைக் கொண்டுவந்து போட்டவன், போகாமல் சார்ஜர் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"என்னவே பாக்கீரு?" என்றார் மேஸ்திரி.

"பாக்கல மேஸ்திரி, கேக்கேன். இந்தப் பொட்டி அப்பத்துல இருந்து ஒரே சுருதிதான். ஆனா இப்பக் குரலு தடிச்சிட்டு. ஊதுத சீவாளில ஈரம் ஏறினா எங்க ஒத்தும் இப்படித்தான் கரகரங்கும்."

எனக்கு ஒரு கரகரப்பும் கேட்கவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார். மீட்டரை எடுத்து வைத்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி இருநூற்று நாற்பத்தெட்டில் நின்றது.

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த முதல் நாள் அது. "ஏலே மூதி! இந்தக் காதை வச்சிக்கிட்டா இவ்வளவு நாளு ஒத்து ஊதின?"

எட்டு மாதம் பேட்டரி சுமந்து நான் சம்பாதித்த 'ஏலே மூதி'யை அவன் எட்டு நிமிஷத்தில் வாங்கிவிட்டான். அவன் அண்ணனோடு ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்தானாம். அடுத்த வாரமே எங்களோடு சேர்ந்தான். "போ, போ. அந்த ஆசிட்டு உன்னை வெளிய துப்பும். அன்னைக்கு வந்து என் பின்னால நில்லு. ஒத்தைத் தொடைச்சு வைக்கேன்" என்று அண்ணன் சொல்லி அனுப்பினானாம். இதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். சிரித்த முகத்தில் கண் மட்டும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு நான் எண்ணத் தொடங்கினேன். மேஸ்திரி ஒரு நாளைக்கு அவனை எத்தனை தடவை 'ஏலே' என்கிறார், என்னை எத்தனை தடவை என்று. டீ வந்தால் தம் தம்ளரிலிருந்து பாதியை அவனுக்குச் சாய்த்துக் கொடுத்தார். எனக்கு முழுத் தம்ளர் வரும். முழுத் தம்ளர் கசந்தது. முதல் கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்ற சட்டம் இருந்ததே, அந்த நேரத்தில் இருவரும் சார்ஜரின் இரண்டு பக்கமும் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். ஒரே நேரத்தில் இருவர் முகமும் தெளியும். நான் நடுவில் மீட்டர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்துபோன எண்ணைச் சத்தமாக வாசிப்பேன். வீட்டில் பாத்திமா, என் மனைவி, ஒரு நாள் சொன்னாள்: "உங்களுக்கு அந்த முருகையா பேரைச் சொல்லும்போது சோத்தை மெல்லுத வேகம் கூடுது."

அடுத்த சித்திரையில் குற்றாலம் ஷெட்டுக்கு யார் என்ற பேச்சு வந்தது. இந்தத் தடவை சீசனுக்கு மட்டுமில்லை, வருஷம் பூராவும் ஷெட் நடக்கும், அதற்குத் தனிச் சாவி, தனிப் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்குத்தான் என்று கடையநல்லூரில் பாதிப் பேரிடம் சொல்லியும் ஆயிற்று. பாத்திமா குற்றாலத்தில் வீடு பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி சாவியை முருகையாவிடம் கொடுத்தார்.

"அவன் காதுக்கு அங்கனதாம்லே வேலை. லைன் ஆடுத எடம். நீ மீட்டரோட இங்கன இரு. அவன் கூப்பிட்டு விட்டா ஒடனே போயி, பாத்து, லிங்க்கை மாத்திட்டு வா. மூணு மைலுதான்" என்று என்னிடம் சொன்னார். முருகையாவிடம், "மீட்டர் வராம லிங்க்கைத் தொட்டேன்னா ஒன் காதை அறுத்துருவேன்" என்றார்.

முருகையா என் பக்கம் திரும்பி, "நான் கூப்பிட்டா வந்துருவியள்லா, அண்ணாச்சி?" என்றான்.

"வராம?" என்றேன்.

ஆனி பிறந்தது. மேஸ்திரி தம் சொந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்காகத் தூத்துக்குடி பக்கம் போயிருந்தார். அவர் போன இரண்டாம் நாள் காலையில் தென்காசி வானம் மூடிக்கொண்டது. மேற்கே மலை காணவில்லை. பத்து மணிக்குச் சாரல் விழுந்தது. பட்டறை வாசலில் நின்றபடி நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று நாற்பத்தாறு. தென்காசியில் இவ்வளவு என்றால் குற்றாலத்தில் இன்னும் கூட இருக்கும். அங்கே லிங்க் கோடையில் வைத்த இருநூறிலேயே இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை; பாடம் படித்தவனே நான்தான்.

மத்தியானம் குற்றாலம் பஸ் கண்டக்டர் கந்தசாமி படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்: "பாய்! ஒங்க ஒத்து ஊதுதவன் சொல்லி விட்டான். பொட்டி குரலு தடிச்சிட்டாம். மீட்டரைத் தூக்கிக்கிட்டு இந்த பஸ்ஸுலயே வரணுமாம். ஏறும்!"

"இங்கன வேலை கிடக்கு. நாளைக்கு வாரேன்னு சொல்லும்."

வேலை இருந்தது உண்மைதான். வாசுதேவநல்லூர், ராயகிரிப் பக்கம் மின்சாரம் எட்டாத ஊர்களிலிருந்து வந்த ரேடியோ பேட்டரிகள் கிடந்தன. அவை ஒரு நாள் காத்திருந்தால் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நான் அவற்றின் மூடியைக்கூடப் பளபளவென்று துடைத்தேன்.

மறுநாள் கந்தசாமி மறுபடியும் வந்தார். "வேய் பாய், அவன் அங்கன பனையோலை விசிறியை வச்சு அந்தத் தகட்டுக்கு வீசிக்கிட்டு நிக்கான்வே! குத்தாலமே துண்டைப் போத்திக்கிட்டு நடுங்குது, இவன் விசிறுதான். கூட்டம் கூடிச் சிரிக்கி. போயித் தொலையும்!"

"அவன் காதுக்கு எதுக்குவே மீட்டரு?" என்று கேட்டேன். கேட்ட பிறகு என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகவில்லை. தகடு எரிந்தால் முதலாளி அன்றைக்கே அவனை அனுப்பிவிடுவார். அவன் இலஞ்சிக்குப் போய் அண்ணன் பின்னால் நிற்க வேண்டும். சாவி எனக்கு வரும். இவ்வளவையும் நான் நினைத்தேன். நினைக்காதது போல மூடிகளைத் துடைத்தேன்.

சாரல் விழுந்த மூன்றாம் நாள் காலையில் மீட்டர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். குற்றாலத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் மூக்கை உறிஞ்சியதுதான். அழுகிய முள்ளங்கி வாடை வருகிறதா என்று பார்த்தேன். ஈர மண் வாடையும் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற எண்ணெய் வாடையும்தான் வந்தன. எனக்கு வந்தது ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஷெட்டில் முருகையா நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் துண்டு, வெற்றுடம்பு, நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையில் விசிறி. வீசி வீசி வலது கை வீங்கியிருந்தது. சாரல் பக்கவாட்டில் அடித்து உள்ளே வந்ததால் முன்பக்கம் சாக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஆனால் சார்ஜரின் மேல் ஒரு துணிகூடப் போடவில்லை. காற்றுப் போக வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தான்.

"வந்துட்டியளா அண்ணாச்சி. நல்ல வேளை. இனிமே பயமில்ல" என்றான்.

"ஏன் சுவிட்சை அணைச்சிட்டு இருக்கக் கூடாதா?"

"பஸ்ஸுக்குப் பேட்டரி குடுக்கணும்லா. அரை மணி ஓட்டுவேன், கால் மணி நிறுத்துவேன். ஓடும்போது வீசுவேன். குரலு ரொம்பத் தடிச்சா எண்ணமாட்டேன், அணைச்சிருவேன்."

"லிங்க்கை நீயே மாத்தியிருக்கலாமே. உனக்குத்தான் காது சொல்லிச்சே."

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "மீட்டர் வராம தொடக் கூடாதுல்லா, அண்ணாச்சி? அது நீங்க சுட்டுக்கிட்டு வந்த சட்டமாச்சே."

கேலியாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் என்னைக் குத்தியது. மீட்டரை வைத்தேன். இருநூற்று ஐம்பத்தொன்று. சார்ஜரின் ஆம்பியர் முள் ஒன்பதில் நடுங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்து, லிங்க்கைக் கழற்றி இருநூற்று நாற்பதில் முடுக்கி, மறுபடி போட்டேன். முள் ஐந்தரைக்கு வந்து நின்றது. முருகையா தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் முகம் தெளிந்தது. விசிறியைக் கீழே போட்டுவிட்டு, வலது கையை இடது கையால் பிடித்து மெதுவாக நீட்டினான். எனக்கு அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துச் சாக்கை விலக்கிக்கொண்டு மேஸ்திரி உள்ளே வந்தார். ஊரிலிருந்து வந்த கையோடு வந்திருந்தார். பை இன்னும் தோளில் தொங்கியது. விசிறியைப் பார்த்தார். முருகையாவின் கையைப் பார்த்தார். தகடுகளுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு முருகையாவைக் கேட்டார்:

"சாரல் விழுந்து மூணு நாளாச்சு. மீட்டருக்குச் சொல்லி விட்டியா, இல்லையா?"

முருகையா என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல மேஸ்திரி. மறந்துட்டேன். இன்னைக்கு அண்ணாச்சியா வந்து பாத்தாவ."

"மறந்துட்ட."

"ஆமா."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளங்கையை வைத்து இருபது எண்ணுகிற நேரம் இருக்கலாம். ஒரு வார்த்தை போதும். 'சொல்லி விட்டான், நான்தான் வரல.' நாக்கில் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது: அவன் மறந்தவன் என்றால் சாவி யாருக்கு? நான் வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரி குனிந்து, காலிப் பேட்டரிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து என் பக்கத்தில் போட்டார். துண்டால் அதன்மேல் இருந்த ஈரத்தைத் துடைத்தார்.

"உக்காருங்க, மைதீன்" என்றார். "இவன் மறதிக்காரன். இவனை இங்கன வச்சா ஆகாது. ஷெட்டை இனிமே நீங்கதான் பாத்துக்கணும். மீட்டரும் ஒங்ககிட்டயே இருக்கட்டும், பட்டறைக்கு வேற வாங்கிக்கிடுதேன்." பிறகு முருகையாவின் வீங்கிய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "வாலே மூதி, போவோம். இந்தக் கைக்கு எண்ணெய் போடணும்" என்றார்.

முருகையா சாவியை என் மடியில் வைத்தான். வைக்கும்போது மெதுவாகச் சொன்னான்: "எங்க மேளத்துல ஒருத்தன் மேல ஒருத்தன் கோள் சொல்லித்தான் அண்ணாச்சி நான் வெளிய வந்தேன். இங்கன வந்து நானே அதைத் தொடங்கக் கூடாதுல்லா."

இருவரும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். நல்லவனாக இருப்பதிலும் அவன் என்னை முந்திக்கொண்டானே என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பஸ்ஸில், கூரைமேல் வாழைத்தார்களுக்கு நடுவே, ஒரு சாமான் வந்து இறங்கியது. வேங்கைமர முக்காலி.

"மேஸ்திரி குடுத்து விட்டாரு. நீங்க உக்காருததுக்காம்" என்றார் கந்தசாமி. அதைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "பாய், ஒரு விசயம். நேத்து நீரு வந்தீரே, அதுக்குப் பொறத்தால மேஸ்திரி பஸ் ஸ்டாண்டுல என்னைக் கேட்டாரு. நான் ரெண்டு நாளும் ஒங்ககிட்டச் சொன்னதைச் சொல்லிட்டேன். நீரு சொன்ன பதிலையும் சொல்லிட்டேன். கேட்டா பொய் சொல்ல முடியுமா?"

"எப்ப? அவரு ஷெட்டுக்கு வந்த பொறவா?"

"முந்தி. பஸ்ஸு ஏறுததுக்கு முந்தி."

அப்படியானால் அவர் எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். தெரிந்துதான் காத்திருந்திருக்கிறார்.

ஊரில் அந்த முக்காலிக்குப் பெரிய பேர். "மேஸ்திரி தாம் உக்காருத முக்காலியையே குடுத்து அனுப்பிட்டாராம்" என்று கடையநல்லூரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாத்திமா தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒரு தடவை என் முகத்தையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு எண்ணெய் போடவில்லை.

பதினோரு சீசன் அந்த ஷெட்டை நடத்தினேன். ஒரு தகடு எரிந்ததில்லை. சாரலின் முதல் துளி தகரத்தில் விழும்போதே மீட்டர் என் கையில் இருக்கும். சாமான் வாங்கத் தென்காசிப் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன்: மேஸ்திரியும் முருகையாவும் சார்ஜரின் இரண்டு பக்கமும் நின்று தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து மேஸ்திரி ஏதோ சொல்வார். அவன் சிரிப்பான். டீ வந்தால் பாதித் தம்ளர் அவனுக்குப் போகும். நான் வாசலில் ஏறியதும் மேஸ்திரி திரும்பி, "வாங்க, மைதீன். உக்காருங்க" என்பார். புதிதாக வந்தவர்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். சாவி, மீட்டர், ஷெட் எல்லாம் என்னிடம் இருந்தன. அவன் நின்ற அந்த இரண்டடித் தரைக்கு நான் ஏங்கினேன்.

மேஸ்திரி வேலையை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பிய அன்று, எல்லாரும் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தோம். முருகையாவை, "ஏலே, லைன் ஏறினா எனக்குக் காகிதம் போடணும், என்ன?" என்று முதுகில் அடித்தார். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பஸ் நகரும்வரை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றேன், ஒரு சொல் வருமா என்று. வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தது. முருகையா எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான்.

முருகையாவிடம் அந்த மூன்று நாளைப் பற்றி நான் பேசியதில்லை. அவனும் பேசியதில்லை. இதைப் படித்தால்தான் அவனுக்கு என் வாயால் தெரியும். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் தெரிய வேண்டும்.

காஜா கடைக்கு இப்போதும் போகிறேன். சாரல் நாளில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவன் என்னைக் கேட்பதில்லை; வெளியே போய் வயல் பக்கம் பார்த்துவிட்டு வந்து, வேறு முனையில் மாற்றிக்கொள்கிறான். முக்காலியை இழுத்துப் போடுவதை மட்டும் விடவில்லை. "உக்காருங்க மாமா" என்கிறான்.

நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்துவிட்டால், "எந்திரிலே" என்று சொல்ல இனி ஆள் இல்லை.